சதுரங்களாக வந்தவன்

கோரைப்பட்டினத்துக் கமருத்தீன், கைக்குழந்தையாக விட்டுப்போன மகள் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு, வளைகுடாவிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை ஊர் திரும்பி, கடைத்தெரு முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது சதுரம் சதுரமாக இருந்தான். நெற்றியில் கோதுமை நிறத்தில் ஒரு வரிசை, கன்னத்தில் அதைவிடக் கறுத்து இரண்டு வரிசை, மீசை இருக்க வேண்டிய இடத்தில் கரிய சதுரங்கள் நான்கைந்து, கண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எல்லாமே தபால்தலை அளவு, எல்லாமே தன் நிறம் தன்னோடு, பக்கத்துச் சதுரத்தோடு ஒட்டியும் கலக்காமலும் இருந்தன. பெட்டியை இறக்கிக் கொடுத்த கண்டக்டர், "படி உசரம், பாத்து இறங்குங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு விசில் ஊதினார். விமான நிலையத்திலும் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். பாஸ்போர்ட்டில் இருந்த படமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்ததாம்.

அவன் மனைவி ருக்கையா மகளோடு புளியமரத்தடியில் நின்றிருந்தாள். பஸ் வளைவில் திரும்பும்போதே ஜன்னலோரம் இருந்த முகத்தை அவள் பார்த்துவிட்டாள். அவ்வளவு தூரத்தில் அது தெளிவாக, முழுதாக, அவள் மச்சானின் முகமாக இருந்தது. அவன் இறங்கி நடந்து வர வர முகம் உடைந்தது. பத்தடியில் கட்டம் கட்டமாகி, கைக்கெட்டும் தூரத்தில் நிறங்கள் மட்டுமாகி, அவன் "ருக்கையா" என்று சொன்னபோது எந்தச் சதுரம் பேசியது என்றே தெரியவில்லை. ஆனால் அந்தச் சதுரங்கள் அவளுக்குப் புதியவை அல்ல. மழை நாளில் சிக்னல் குறைந்து, போனில் அவன் பேச்சு மட்டும் வந்து கொண்டிருக்க, முகம் இப்படித்தான் உறைந்து நிற்கும். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரிக்குள் கிடந்ததால் ஒரு தடவைகூட ஊருக்கு வர முடியாமல் போன அத்தனை வருடங்களும், அவளுக்கு வந்து சேர்ந்த புருஷன் இந்த அளவுதான். வந்து சேர்ந்ததுதான் இப்போது இறங்கி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. ஜும்ஆ தொழுகையில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவர் தோளோடு தோள் சேர்ப்பதற்குக் கொஞ்சம் தடுமாறினார். பிறகு ஓரம் நேர்கோடாக இருப்பது வரிசை கட்டத் தோதாக இருக்கிறது என்றார். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவுகிற ஒளு அவனுக்குக் கூடுமா என்று ஒருவர் சந்தேகம் கேட்டதற்கு, தண்ணீர் எல்லாச் சதுரத்தையும் நனைக்கிறதல்லவா, கூடும் என்று இமாம் சொல்லிவிட்டார். முடிவெட்டுகிற மாரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி வெட்டினார். மீன்காரப் பெண்கள் விலை சொல்லிவிட்டு நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்ப்பார்கள். அங்கிருந்து பார்த்தால்தான் அவன் சிரிக்கிறானா முறைக்கிறானா என்று தெரியும். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் தூரத்திலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு, கிட்டே வரும்போது தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்கள். அதுவும் ஒரு மரியாதையாக நிலைத்துவிட்டது. கணவனோ மகனோ வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில், போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிற வழக்கம் நின்றுபோனது. பெண்கள் மொட்டைமாடிக்கு ஏறி, சிக்னல் நன்றாக வருகிற மூலையில், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

மகள் ஹஃப்சாவுக்குத்தான் கஷ்டமே இல்லை. அவள் வாப்பாவை இதைவிடப் பெரிதாகவோ தெளிவாகவோ பார்த்ததே கிடையாது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, "வாப்பா, அந்த லைட்கம்பம் வரைக்கும் போங்க" என்பாள். அவன் போய் நின்று திரும்புவான். கையசைத்துவிட்டு அவள் சைக்கிளில் ஏறுவாள். சாயங்காலம் அவனைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, அங்கிருந்து போன் பண்ணச் சொல்வாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தச் சின்னத் திரையில் சதுரங்கள் பொடியாகி நெருங்கி, அவளுக்குத் தெரிந்த வாப்பா வந்துவிடுவார். இரண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் நெடுநேரம் பேசுவார்கள். ருக்கையா நடுவில் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு இரண்டு குரலையும் கேட்பாள்.

ருக்கையா தபாலாபீஸ் பக்கத்தில் ஸ்கேன், பிரிண்ட் எடுக்கிற கடை வைத்திருந்தாள். ஆதார் அட்டையில் இருக்கும் கட்டைவிரல் அளவு போட்டோவைக் கொண்டுவந்து, இறந்துபோனவருக்கு ஆளுயரப் பேனர் கேட்பவர்களுக்கு அவள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: படத்துக்குள் எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனைதான் இருக்கும், போனில் பார்த்தால் நெருங்கி நின்று பளிச்சென்று தெரியும், பேனரில் விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் ஓடு அளவு ஆகிவிடும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பதென்றால் சரி. அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்தான் என்றாலும், ஒரு மதியம் கடையைப் பாதி மூடிவிட்டு, கமருத்தீனின் உள்ளங்கையை ஸ்கேனர் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வைத்துப் பார்த்தாள், அறுநூறு வைத்துப் பார்த்தாள், பிறகு அந்த மெஷின் போகிற கடைசி எண்ணையும் வைத்தாள். வெளிச்சக் கோடு அவன் கைக்கு அடியில் ஊர்ந்து போய்த் திரும்பியது. மானிட்டரில் படம் பெரிதானது, சதுரமும் பெரிதானது, உள்ளே புதிதாக ஒன்றும் இல்லை.

"என்ன தெரியுது?" என்றான்.

"வச்சதுதான் தெரியுது" என்றாள். "கண்ணாடி பொய் சொல்லாது மச்சான்."

அவனுடைய சிறுவயதுக் கூட்டாளி அபுல்ஹசன்தான் முதலில் வழி கண்டுபிடித்தான், அதுவும் தெரியாமல். சாயங்காலம் கடற்கரை மணலில் உட்கார்ந்து பழைய கதை பேசும்போது, "உனக்கு இடது புருவத்துக்கு மேல ஒரு மச்சம் உண்டுல்ல, மிளகு மாதிரி" என்றான். சொன்ன மாத்திரத்தில் அந்த இடத்துச் சதுரம் நான்காகப் பிரிந்தது, நான்கு பதினாறானது, நடுவில் மிளகளவு மச்சம் வந்து உட்கார்ந்தது. அபுல்ஹசன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். "சைக்கிள்ல இருந்து விழுந்த தழும்பு தாடையில" என்றான். அதுவும் வந்தது.

மறுநாளிலிருந்து ஊர் திரண்டு வந்தது. கூடப் படித்தவர்கள், கூட மீன்பிடிக்கப் போனவர்கள், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவர், அவனுக்கு முதல் பல் விழுந்ததை நினைவு வைத்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி, எல்லாரும் வந்து உட்கார்ந்து, தேநீர் குடித்து, தங்களிடம் இருந்த கமருத்தீனைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் முடி சுருட்டை என்றார், சுருண்டது. ஒருவர் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்றார், விழுந்தது. நினைவில்லாத இடங்களை நினைவிருந்த இடங்கள் இரண்டு பக்கமும் நின்று இட்டு நிரப்பின. கழுத்தும் தோளும் அப்படித்தான் வந்தன, கைகளும் அப்படித்தான் வந்தன. நோன்பு பிறக்கும் முன்னால் அவன் முழு ஆளாகிவிட்டான்: கறுத்த முடியோடு, மெலிந்த இடுப்போடு, மகளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு பஸ் ஏறிய அன்று எப்படி இருந்தானோ அப்படியே.

ஊர் சந்தோஷப்பட்டது. ருக்கையாவும் சந்தோஷப்பட்டாள், அதுதான் கஷ்டம். காலையில் விழித்தால் பக்கத்தில் இளைஞனாக அவன் கிடப்பான். அவள் தன் நரையைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தும். கடையில் சிறிய படத்தைப் பெரிதாக்கும்போது கம்ப்யூட்டர் சும்மா விடாது. இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து நிரப்பும். அப்படி நிரப்பிய முகங்கள் மெழுகு பூசினாற்போல இருக்கும், வழவழவென்று, துவாரமே இல்லாத தோலோடு. கன்னத்தில் குழி விழுந்தது அவனோடு பிறந்து இறந்துபோன மூத்த காக்காவுக்கு என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். "இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டான்.

ஒரு மாலை வலது கையில் வடைத்தட்டு இருந்ததால், ஹஃப்சா நீட்டிய தேநீர் கிளாஸை அவன் இடது கையால் வாங்கினான். ஐந்து விரலும் அழகாக மடங்கி கிளாஸைச் சுற்றின. கிளாஸ் அவற்றின் ஊடே புகுந்து கீழே விழுந்து உடைந்தது.

ஹஃப்சா துடைப்பம் எடுக்கப் போனாள். ருக்கையா அந்தக் கையைப் பிடித்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல் மூன்றும் அவள் கைக்குள் வந்தன. நடுவில் இருந்த இரண்டும் பார்வைக்கு மட்டும் இருந்தன. அவள் விரல் அவற்றுக்குள் காற்றுக்குள் போவது போலப் போய் வந்தது.

"எப்போ?" என்றாள்.

"ஹஃப்சா ரெண்டாங்கிளாஸ் சேர்ந்த வருஷம். சலவைக் கம்பெனில துணி பிழியிற ரோலர்ல மாட்டிக்கிச்சு."

"தெனம் பேசினோமே மச்சான். ஒரு நாளும் நான் பாக்கலையே."

"போனைப் பிடிச்சிருந்தது அந்தக் கைதான். பிடிச்சிருக்கிற கை படத்துல வராது."

அவள் அந்த மூன்று விரலையும் விடவில்லை. பிறகு, "யாரு பாத்துக்கிட்டா உங்களை அங்க?" என்று கேட்டாள்.

"ரூம்ல ஒருத்தன் இருந்தான். நேபாளத்துக்காரன். கட்டுப்போட்டிருந்த நாள் பூரா அவன்தான்..." என்று ஆரம்பித்தவன் நின்றான். "பேரு வரலையே ருக்கையா" என்றான். "எட்டு வருஷம் ஒரே ரூம்ல கெடந்தோம். பேரு வரல. மூஞ்சியும் வரல." ஊர் கொடுத்த கறுத்த மீசையைத் தடவிக்கொண்டான். பஸ் ஏறிய அன்றைய ஆளுக்கு அந்த நேபாளத்துக்காரனைத் தெரிந்திருக்க வழியில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மறுநாள் அபுல்ஹசன் வாயில் இன்னும் இரண்டு நினைவோடு வந்தபோது, ருக்கையா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"போதும் காக்கா. இனிமே யாரும் சொல்ல வேணாம்னு சொல்லிடுங்க."

"நாங்க பொய்யா சொன்னோம்?" அவன் முகம் சுருங்கிப்போனது.

"பொய் இல்ல. நீங்க சொன்னதெல்லாம் இங்கேர்ந்து போனவரைப் பத்தி. திரும்பி வந்தவரை நம்ம யாருமே இன்னும் பாக்கல."

அபுல்ஹசன் தெருமுனை வரை போய்த் திரும்பி நின்று, அங்கிருந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனான்.

கமருத்தீனுக்கு விருப்பமில்லை. "இந்த மூஞ்சி நல்லாத்தானே இருக்கு" என்றான். "இதோட இருந்துட்டுப் போயிடறேனே. உனக்கும் பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கு" என்று அவள் ஒத்துக்கொண்டாள். "ஆனா அந்த மூஞ்சிக்கு உங்க சிநேகிதன் பேரு தெரியல."

மறுபடி அவன் மறுக்கவில்லை. அன்று பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு, மேற்கு ஜன்னலில் வெயில் விழுகிற அறையில் பாய் விரித்து அவனை உட்கார வைத்தாள். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஸ்கேனர் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் பார்க்காது. ஓர் ஓரத்தில் ஆரம்பித்து, கண்ணாடியோடு ஒட்டி, மயிரிழை அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் பார்க்கும், பார்த்ததை வைத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்கு நகரும், எதையும் தாண்டாது, எதையும் ஊகிக்காது, அசிங்கம் அழகு என்று பிரிக்காது. நெருங்கினால் சதுரமாகிவிடுவான் என்று பயந்து ஊரே தூரமாய் நின்று பார்த்த ஆளை, அவள் மூக்கு உரசுகிற தூரத்தில் போய்ப் பார்த்தாள்.

"உச்சந்தலைல இருந்து ஆரம்பிப்போம். சொல்லுங்க, இந்த முடிக்கு என்ன ஆச்சு?"

அவன் சொன்னான். அந்த ஊரின் உப்புத் தண்ணீரைச் சொன்னான், குளித்துவிட்டுத் துவட்டும்போது துண்டோடு வந்த முடியைச் சொன்னான். சொல்லச் சொல்லச் சுருட்டை முடி உதிர்ந்து, அங்கே முதலில் பழைய பெரிய சதுரங்கள் திரும்பி வந்தன. ருக்கையா கண்ணை எடுக்கவில்லை. சதுரங்கள் பிரிந்தன, பிரிந்தவை பிரிந்தன, வழுக்கையும் அதைச் சுற்றி நரைத்த முடியும் ஒவ்வொரு இழையாக வெளியே வந்தன. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் நெற்றி. வெயிலில் நின்ற வருடங்கள் நெற்றியில் கோடு கோடாக இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் அவனிடம் ஒரு சம்பவம் இருந்தது, சிலதைச் சொல்ல ஒரு முழு மாலை ஆனது, சிலதைச் சொல்லாமல் தலையை அசைத்தான், அசைத்த நாட்களில் சதுரம் சதுரமாகவே நின்றது, அவள் அவசரப்படுத்தவில்லை. கன்னக்குழி மூடிக்கொண்டது. மச்சம் மட்டும் இருந்தபடி இருந்தது. கண்ணுக்கு வந்தபோது, அவள் போனிலேயே ஒரு முறை கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்ததை அவன் சொன்னான். அவள் அழுதாள், ஆனால் பார்த்துக்கொண்டே அழுதாள். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, வாடைக்காற்று ஆரம்பித்தது. கோடு கீழே இறங்கிக்கொண்டே போனது.

இடது கைக்கு வந்த நாள் அவன் வெகுநேரம் உள்ளங்கையை மடியிலேயே வைத்திருந்தான். அவள் அதை எடுத்து முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். அவன் ரோலரைச் சொன்னான், ரத்தம் வெள்ளைப் படுக்கை விரிப்பில் பரவியதைச் சொன்னான், ஆஸ்பத்திரியின் நீலத் திரையைச் சொன்னான். இல்லாத இரண்டு விரலும் மங்கிப் போயின. அந்த இடத்தில் மடிப்பு விழுந்த இளஞ்சிவப்புத் தோல் வந்தது.

"வலது கையிலயும் ஊசி போட்டு வச்சிருந்தாங்க. சோறு பிசைஞ்சு வாயில ஊட்டுனான். அவனுக்கு மீன் ஆகாது. எனக்காக முள் எடுத்து ஊட்டுனான்." அவன் கண்ணை மூடினான். "தில் பகதூர்" என்றான். இன்னொரு தரம் சொன்னான். "தில் பகதூர். முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து. பாட்டு பாடிக்கிட்டேதான் தூங்குவான்."

ருக்கையா அந்தக் கையை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

அவன் வெளியே போனபோது ஊருக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் கொடுத்த ஆள் எங்கே என்று சிலர் நேரடியாகவே கேட்டார்கள். தொப்பையும் வழுக்கையும் மூன்று விரலுமாக வந்து நின்றவனுக்கு மாரியப்பன் கண்ணைத் திறந்துகொண்டு முடி வெட்டினார். வெட்ட அதிகம் இல்லை என்று வருத்தப்பட்டார். அபுல்ஹசன் இரண்டு நாள் ஒதுங்கிப் போனான். மூன்றாம் நாள் கடற்கரையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மணலைக் கிளறிக்கொண்டே, "அங்க என்னதான்டா நடந்துச்சு?" என்று கேட்டான். அப்படி அவன் கேட்டது அதுவே முதல் தடவை.

ஹஃப்சா மட்டும் நெருங்கவில்லை. எல்லாத் தூரத்திலும் தெளிவாகத் தெரிகிற இந்த மனிதரை அவளுக்குத் தெரியாது. லைட்கம்பம் வரை போகச் சொல்வதற்கு இப்போது காரணமில்லை, பக்கத்து அறைக்கு அனுப்பவும் காரணமில்லை. போனில் கூப்பிட்டுப் பார்த்தாள், அங்கேயும் வழுக்கைத் தலைதான் வந்தது. சில நாட்கள் அவன் இருக்கும் அறைக்கு வராமல் இருந்தாள். பிறகு ஒரு விடுமுறை மதியம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"வாப்பா, உங்களுக்கு நான் எப்படித் தெரியறேன்?"

உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த ருக்கையாவின் கை நின்றது.

"சதுரமாத்தாம்மா" என்றான். "பஸ்ஸை விட்டு இறங்கினதுலேர்ந்து. உங்க உம்மா இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தெரியறா."

"அப்போ ஏன் சொல்லலே?"

"ரொம்ப நாள் போனா எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். சொன்னா நீ பயந்துடுவேன்னும் நெனச்சேன்."

ஹஃப்சா நிலையை விட்டாள். அறைக்குள் வந்து, வெயில் விழுந்த இடத்தைப் பார்த்து, அவன் முழங்காலோடு தன் முழங்கால் இடிக்கிற அளவுக்குக் கிட்டே உட்கார்ந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை அவன் பக்கம் நீட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கு மாநிறத்தில் ஒரு கட்டம் மட்டும் தெரிந்தது.

"இங்க ஒரு தழும்பு இருக்கு" என்றாள். "ஆறாங்கிளாஸ்ல பெஞ்சு முனையில இடிச்சுக்கிட்டேன், தையல் போட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நீங்க கூப்பிட்டப்போ துப்பட்டாவை இழுத்து விட்டுக்கிட்டேன். சிரிச்சேன். ரொம்ப வலிச்சுச்சு வாப்பா."

அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டம் நான்காகப் பிரிந்தது.